கஞ்சா இழுத்தால் படகில் வாந்தி வராதா?

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குக் கிளம்பும் மதுரைக்காரர்களின் வாட்ஸ்அப்பில், 'ரெண்டு இழுப்பு கஞ்சா போதும், படகுல வாந்தியே வராது, டாக்டர்களே குடுக்கிறாங்க' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தப்பு. அமெரிக்காவில் 1985-இல் அனுமதித்தது கஞ்சாவை அல்ல, அதில் உள்ள போதைப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்த ட்ரோனாபினால் என்ற மாத்திரையை, அதுவும் புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்கு. படகில் நடப்பது வேறு: உட்காதின் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, பலகையைப் பார்க்கும் கண் 'இல்லையே' என்கிறது, மூளை குழம்புகிறது. கஞ்சா தலைசுற்றலைக் கூட்டவும் செய்யும், கையில் வைத்திருந்தாலே வழக்கு.

எலுமிச்சம்பழமா? எங்கள் அத்தை மாட்டுத்தாவணியில் வாங்கியதை ராமேஸ்வரம் வரை மோந்துகொண்டே வந்தார், படகேறிய பத்தாவது நிமிடம் பாலித்தீன் பை கேட்டார். டாக்டரிடம் கேட்டு அவோமின் மாதிரி மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போடுங்கள், வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். தூக்கம் வரும், சரி. அப்புறம் படகின் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், போனை அல்ல.