கோடு இழுக்கும் கைக்கு ஒரு தாளம்

திருகோணமலையில் பத்து வருடத்துக்கு மேலாகத் தொழில்நுட்பப் பாடம் படிப்பிக்கிறேன். போன மாதம் வகுப்பைப் பார்க்க வந்த ஒருவர், பிள்ளைகள் வரைந்துகொண்டிருக்கும்போது என் மேசையில் சின்ன ஸ்பீக்கரில் புல்லாங்குழல் ஓடுவதைக் கண்டார். "இது சங்கீத வகுப்பா, வரைதல் வகுப்பா?" என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேட்டார். அவர்கள் முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று அன்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பொறியியல் வரைதலைப் 'படம் கீறுகிற பாடம்' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. துளை போட்ட ஓர் இரும்புத் துண்டை முன்னாலிருந்து பார்த்தால் எது தெரியும், மேலிருந்து பார்த்தால் எது மறையும் என்று தலைக்குள் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஒரு வேலை. பார்த்ததைத் தாளில் இறக்குவது மற்ற வேலை: 2எச் பென்சிலால் மெல்லிய கோடு, எச்பியால் தடித்த வெளிக்கோடு, மறைந்த விளிம்புக்கு விட்டுவிட்டு வரும் கோடு, மையத்துக்கு நெடிலும் குறிலும் மாறி வருவது போன்ற சங்கிலிக்கோடு. முதல் வேலை நடக்கும்போது என் வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது. இசை வருவது இரண்டாவது வேலைக்கு மட்டும்.

இதை எனக்குக் காட்டித் தந்தது ஒரு மாணவி. கெட்டிக்காரி, முன், மேல், பக்கம் என்று தோற்றங்கள் மூன்றும் சரியாக வரும். ஆனால் சங்கிலிக்கோடு தொடங்கும் இடத்தில் ஒழுங்காக இருந்து, தாளின் மற்றக் கரைக்குப் போகும்போது துண்டுகள் நீண்டுவிடும். கை அவசரப்படுகிறது. அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்து ஒருநாள் தாளே கிழிந்து, பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. நான் பக்கத்தில் இருந்து மேசை விளிம்பில் "தாம் கி, தாம் கி" என்று விரலால் தட்டினேன். தாமுக்கு நீளத் துண்டு, கிக்குக் குட்டைத் துண்டு. மூன்றாவது கோட்டிலேயே துண்டுகள் ஒரே அளவுக்கு வந்துவிட்டன. மூலைமட்டத்தை அழுத்திப் பிடித்திருந்த இடக்கையும் தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கர் வாங்கினேன்.

எங்கள் ஊருக்கு இது புதுசும் இல்லை. அப்பப்பா நிலாவெளிக் கரையில் கரைவலை இழுத்தவர். ஒருவர் அம்பா என்ற வலை இழுக்கும் பாட்டை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாட, எல்லாருடைய காலும் ஒன்றாகப் பின்னுக்கு வரும். பாட்டுத் தவறினால் கயிறு தளரும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதே நேரம், "இசை கேட்டால் பிள்ளையின் மூளை வளரும்" என்று பகிரப்படும் பதிவுகளோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பேச்சின் வேர் 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு. 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட் இசையைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, கடதாசியை மடித்து வெட்டினால் விரிக்கும்போது எப்படித் தெரியும் என்பது போன்ற கேள்விகளில் கொஞ்சம் கூடுதலாகப் புள்ளி எடுத்தார்கள். எங்கள் பாடத்துக்கு மிக நெருங்கிய கேள்விகள்தான். ஆனால் அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது. மனம் உற்சாகமானதால் வந்த சிறு மாற்றம் அது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, இசை போட்டால் தோற்றங்கள் தானாகப் புரியும் என்று நான் எந்தப் பெற்றோரிடமும் சொன்னதில்லை.

சினிமாப் பாட்டும் போட்டுப் பார்த்தேன், பிள்ளைகள் கேட்டார்கள் என்று. சரிவரவில்லை. வாய் வரிகளோடு போகிறது. கண் அளவைப் படிக்க மறக்கிறது. ஒருவன் 40 மில்லிமீற்றரை 60 என்று வைத்து, முழுத்தாளையும் திரும்பக் கீறினான். சொல் இல்லாத, வேகம் குறைந்த இசைதான் உதவுகிறது. அதுவும் பக்கத்தில் இருப்பவர் மெதுவாகப் பேசினால் கேட்கிற அளவுக்குத்தான். சத்தமே ஒத்துவராத பிள்ளை ஒன்று என் வகுப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளை கை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவேன், காரணம் கேட்பதில்லை. பரீட்சை மண்டபத்தில் இசை இருக்காது என்பதும் நியாயமான கேள்வி. அதனால் கடைசித் தவணையில் ஸ்பீக்கரை அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். தட்டிப் பழகிய கை அதற்குள் தானாக எண்ணத் தொடங்கிவிடும்.

தாளத்தை வைத்தே கேத்திரகணிதமும் சொல்லிக்கொடுக்கலாம். 120 மில்லிமீற்றர் கோட்டை எட்டு எண்ணிக்கை உள்ள ஆதி தாளத்துக்கு 8 ஆகப் பிரி என்றால் ஒரு பங்கு 15; அடிமட்டம் போதும். ஏழு எண்ணிக்கை உள்ள மிஸ்ரசாபு தாளத்துக்கு 7 ஆகப் பிரி என்றால் அடிமட்டம் கைவிட்டுவிடும். அப்போது கோட்டின் ஒரு முனையிலிருந்து சாய்கோடு ஒன்று போட்டு, அதில் கவராயத்தால் ஏழு சம அடி வைத்து, கடைசிப் புள்ளியைக் கோட்டின் மற்ற முனையோடு இணைத்து, மூலைமட்டத்தை நகர்த்திச் சமாந்தரக் கோடுகள் இழுக்க வேண்டும். மிருதங்கம் படிக்கும் பையன் ஒருவன் ஏழையும் கையில் தட்டிக்காட்டிவிட்டுத்தான் கவராயத்தைத் தொட்டான். அந்த முறையைப் பிறகு ஒருவரும் மறக்கவில்லை.

அடுத்தது வீணை. அதில் 24 மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கட்டைகள். மேலே போகப் போக இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். தந்தியின் சரிபாதிக்கு வரும்போது அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். மெட்டுகளைக் காதால் கேட்டு மெழுகில் பதிப்பார்கள். அந்தக் காது எவ்வளவு துல்லியம் என்று பிள்ளைகள் அளந்து, அளவுத்திட்டத்தில் வரைய வேண்டும் என்பது என் ஆசை. திருகோணமலைக்குள் யார் வீட்டிலாவது பழைய வீணை சும்மா கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். தந்தி அறுந்திருந்தாலும் பரவாயில்லை, மெட்டு இருந்தால் போதும். நானே வந்து எடுத்துப்போய், ஒரு கிழமையில் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.