இருக்கிற விரலில் வாங்கிய கைநாட்டு

மதுரை நத்தம் சாலைக் குடியிருப்பின் புதுமனை புகுவிழாவில் பொன்னாடை போர்த்துகிற அந்தப் படத்தை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "மனிதநேயம் இன்னும் சாகவில்லை" என்ற வாசகத்தோடு அனுப்பியவர்களில் இருவர் என் நெருங்கிய உறவினர்கள். படத்தில் இருப்பது இதுதான். அந்தக் கட்டட வேலையில் இடது கட்டைவிரலை இழந்த, டைல்ஸ் ஒட்டுகிற தம்பி இடது கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு நிற்கிறார். கட்டட நிறுவனத்தின் உரிமையாளர் நாற்பதாயிரம் ரூபாய் உறையை நீட்டுகிறார். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். அதற்கு அரை மணி நேரத்துக்கு முன் அதே கட்டடத்தின் தரைத்தள அறையில் நடந்ததை யாரும் படம் எடுக்கவில்லை. "இந்த விபத்து சம்பந்தமாக எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை, எங்கும் புகார் செய்ய மாட்டேன்" என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போதாதென்று ரேகையும் கேட்டிருக்கிறார்கள். ஆண்களுக்கு இடது கைக் கட்டைவிரல் ரேகை எடுப்பதுதான் வழக்கம். மைப்பெட்டியை நீட்டியவர் பழக்கதோஷத்தில் இடது கையைக் கேட்டுவிட்டு, பிறகு சற்றுத் தயங்கி, "சரி, இருக்கிற விரல்ல வைங்க" என்றாராம்.

இதற்குத்தான் பொன்னாடை.

எனக்கு யார் மீதும் தனிப்பட்ட பகை இல்லை. ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்ல வந்தேன்: வேலையிடத்தில் விரல் போனவருக்குக் கொடுப்பது தர்மம் அன்று, கடன். வாங்கிய சிமெண்டுக்கும் கம்பிக்கும் பணம் கொடுக்கிறபோது யாரும் கடைக்காரருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதில்லை.

அந்தக் கடனுக்குக் கணக்கும் உண்டு. 1923-ஆம் ஆண்டிலேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்த சட்டம் அது; தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று இருந்ததை 2009-இல் திருத்தி ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-க்குள் போய்விட்டது என்றாலும், வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் காயம் பட்டால் முதலாளியே பொறுப்பு என்கிற அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. நம் தம்பிக்கு விபத்து நடந்தது 2025 தீபாவளிக்கு முந்தைய வாரம் என்பதால் பழைய சட்டப்படியே கணக்குப் போடுகிறேன். மாதச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதில் 60 விழுக்காடு 9,000. முப்பத்தைந்து வயதுக்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணை தருகிற காரணி 197.06. இரண்டையும் பெருக்கினால் 17,73,540; முழு நிரந்தர ஊனத்துக்கான தொகை அது. ஒரு கட்டைவிரல் போனால் முதல் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஆக 5,32,062 ரூபாய். மருத்துவச் செலவு இதில் சேராது, அதைத் தனியாகத் தர வேண்டும். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி உண்டு. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் 50 விழுக்காடு வரை அபராதமும் உண்டு. நாற்பதாயிரத்துக்குக் கைதட்டியவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் கைபேசியிலேயே போட்டுப் பார்க்கலாம்.

30 விழுக்காடு என்பதோடும் முடிந்துவிடவில்லை. அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு இழப்பே என்று உச்ச நீதிமன்றம் 1975-இலேயே சொல்லிவிட்டது. கட்டைவிரல் இல்லாத கையால் இரண்டுக்கு நான்கு அடி டைல்ஸைத் தூக்கி மட்டம் பார்த்து வைக்க முடியுமா என்று மருத்துவரிடமும் இழப்பீட்டு மனுவை விசாரிக்கிற ஆணையரிடமும் நாங்கள் கேட்கத்தான் போகிறோம்.

"ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டாரே" என்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் என்ன? இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ தொழிலாளி எழுதித் தருகிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்யாவிட்டால் முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பு; ஆணையர் வேறு விதமாக உத்தரவிட்டாலன்றி, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது. அப்படிப் பார்த்தால் அந்த நாற்பதாயிரத்தில் இருபதாயிரம் மட்டுமே கழிவு. அந்த முத்திரைத்தாளின் மதிப்பு இருபது ரூபாய்தான் என்று அதன் தலையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

அடுத்து, "அவன் கவனக்குறைவாக இருந்தான்" என்பவர்கள். நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் கட்டட வேலையில் மேற்பார்வை பார்த்தவன். இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள். அன்று அவர் கையில் கொடுத்தது வீல் சுழன்று கல்லை அறுக்கிற நான்கு அங்குல கிரைண்டர். ஜன்னலின் அடிவிளிம்பில் பதிக்கிற தடித்த கிரானைட்டை அறுக்க அந்த வீலுக்கு ஆழம் போதாது. ஆகவே ஏழு அங்குல வீலை மாட்டியிருக்கிறார்கள். வீலை மூடுகிற பாதுகாப்புக் கவர் இருந்தால் ஏழு அங்குல வீல் உள்ளே நுழையாது. ஆகவே கவரைக் கழற்றியிருக்கிறார்கள். வீலின் துளை பெரிது. ஆகவே இடையில் புஷ் என்கிற வளையத்தை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். சின்ன மெஷின் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்குப் பக்கமாக ஓடும். ஏழு அங்குல வீல் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதே அன்று, அதன் உச்ச வேகத்தை வீலின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். கல்லுக்குள் வீல் சிக்கியதும் மெஷின் எத்தியது, கல்லைப் பிடித்திருந்த இடது கை அதன் வழியில் இருந்தது. இதில் கவனக்குறைவு யாருடையது? அந்த மெஷின் மேஸ்திரியின் சாக்கிலிருந்து கவர் இல்லாமலேதான் அன்று காலை வெளியே வந்திருக்கிறது.

சட்டமும் இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. பாதுகாப்புக்காக வைத்த கவர் என்று தெரிந்தே தொழிலாளி வேண்டுமென்று கழற்றினால் முதலாளி தப்பிக்கலாம்; அதுவும் மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் அந்த வாதமும் எடுபடாது. சாதாரணக் கவனப்பிசகு ஒரு காரணமே ஆகாது. நாள்தோறும் பதினோரு மணி நேரம் வேலை பார்க்கிற மனிதனுக்குக் கவனம் பிசகத்தான் செய்யும்.

குடித்திருப்பான் என்று எழுதிய அன்பருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. காலை பத்தரை மணிக்கு நடந்த விபத்து அது. நீங்கள் எழுதிய நேரம் இரவு பதினொன்றே முக்கால். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

"அவர் எங்கள் ஆளே இல்லை, மேஸ்திரியின் ஆள்" என்பது நிறுவனத்தின் வாதம். தன் தொழிலுக்காக வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டவரும், சொந்த ஆளுக்குப் பொறுப்பாவதைப் போலவே ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் பொறுப்பு என்கிறது 12-ஆம் பிரிவு. கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் இருவருக்குள். தனக்கென்று ஒரு வீடு கட்டுகிறவரின் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீடு கட்டுவது அவருடைய தொழில் அன்று, அங்கே வேலையை எடுத்த ஒப்பந்தக்காரரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் இங்கே நாம் பேசுவது அடுக்குமாடி கட்டி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றி. சின்ன நிறுவனம், தாங்காது என்கிறார்கள். இதற்கென்றே காப்பீடு விற்கிறார்கள். விழாவுக்கு வைத்த வாழைமரமும் சீரியல் விளக்கும் தாங்கியதே.

உண்மையில் என்னைச் சுட்டது இவர்கள் யாரும் அல்லர். அந்தத் தம்பியின் சொந்த மைத்துனரே என்னிடம், "அண்ணே, விட்டுருங்க, நாளைக்கு வேற எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான்" என்றார். இந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 2006-இல் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டேன்.

என் தாய்மாமா கம்பி வேலைக்காரர். திருமங்கலம் பக்கம் ஒரு கட்டடத்தில் கம்பி வெட்டும்போது வீல் உடைந்து ஒரு துண்டு வலது கண்ணில் ஏறியது. கண்ணாடி கிடையாது, கேட்டால் சிரித்திருப்பார்கள். பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். பாட்டி அந்தப் பணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். குடும்பத்திலேயே டிப்ளமோ படித்தவன் நான், கையெழுத்தும் அழகாக இருக்கும் என்பதால், எதிர்காலத்தில் எதுவும் கேட்க மாட்டோம் என்கிற அந்தத் தாளை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுதினேன். ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன். சாட்சிக் கையெழுத்தும் நானே போட்டேன்.

அன்று மாமாவுக்கு நாற்பது வயது. அப்போதைய சம்பள வரம்பு 4,000 ரூபாய். ஒரு கண்ணுக்கு 40 விழுக்காடு. அதே முறையில் கணக்குப் போட்டால் 1,76,803 ரூபாய் வந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது 2011-இல், வேறொருவரின் வழக்குக்காக. விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்றும் அப்போதுதான் தெரிந்தது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம் என்று தெரிந்துகொள்ள எனக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. மாமா இன்று ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவலர். என் மீது அவருக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் இந்தப் பதிவு இவ்வளவு நீண்டிருக்காது.

ஆகவே, விட்டுவிடுங்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள். அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். காயம் பட்டு மருத்துவமனையில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் எங்கே, எப்படி நடந்தது என்பதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். இந்தத் தம்பியை "வீட்டு வேலையில் பட்டது" என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். இப்போது அதைச் சரிசெய்ய அலைந்துகொண்டிருக்கிறோம். அந்தப் பதிவேட்டு நகல், மேஸ்திரி கைபேசியில் கூலி அனுப்பிய விவரம், கூட வேலை பார்த்தவரின் வாக்குமூலம், இவை இருந்தால் மனு நிற்கும். மெஷினைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 289-ஆவது பிரிவு இருக்கிறது. காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார் தனி, இழப்பீடு தனி. கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் வாரியத்தின் உதவியும் தனி. அதை வாங்கியதால் இது போய்விடாது. இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யப்பட்டவர்கள் மட்டும் அந்த வழியாகத்தான் கேட்க வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே ஆள் தருவார்கள். பீகாரிலிருந்து வந்த பையன்கள் மதுரைக்கும் ஊருக்கும் அலைய வேண்டியதில்லை, தாங்கள் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். முதலாளிக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, அவர் உயர் நீதிமன்றக் கிளைக்கு மேல்முறையீட்டுக்குப் போவதென்றாலும் முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

திங்கட்கிழமை மனுக் கொடுக்கிறோம். முத்திரைத்தாளின் நகலையும் பொன்னாடைப் படத்தையும் இணைக்கிறோம். அவர் அங்கேதான் வேலை செய்தார் என்பதற்கு உரிமையாளரே மேடையேறிக் கொடுத்த சாட்சி அது. இன்னும் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அந்த மெஷின் மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்கு அடியில் சாக்கில் கிடப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே வேலைக்குப் போகிற யாராவது இதைப் படித்தால், ஏழு அங்குல வீலைக் கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.