ரயில் சிநேகம்தான், அதனாலென்ன?

சீனாவின் சூசோவிலிருந்து திரும்பியதும், நாங்கள் நாலு பேர் படகில் உட்கார்ந்திருக்கும் படத்தை இங்கே போட்டிருந்தேன். "யாரு இவங்கல்லாம்?" என்று அக்கா கேட்டாள். ஹாஸ்டலில் பழக்கமானவர்கள் என்றேன். "ஓ, ரயில் சிநேகமா" என்று எழுதி ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டாள். மூன்று நாளாக அந்தப் பொம்மை உறுத்துகிறது. பதிவு நீளமாக இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் படத்துக்கு லைக் போட்டுவிட்டுப் போகலாம்.

சிங்கப்பூரில் வளர்ந்த என் போன்றவர்களுக்குச் சூசோ என்றால் தொழிற்பேட்டைதான். 1994இல் இரண்டு அரசாங்கமும் சேர்ந்து ஆரம்பித்தது. அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் அங்கே போய்விட்டு வந்து அம்மாவுக்குப் பட்டுத் துணி கொடுத்தார். எனக்குத் தெரிந்த சூசோ அவ்வளவே. கி.மு. 514இல் வூ நாட்டு அரசன் ஹெலூவுக்காக எழுப்பிய ஊர் அது என்பதெல்லாம் போன பிறகு தெரிந்ததுதான். 2024இல் விசா தேவையில்லை என்றானதிலிருந்து மனசில் இருந்த பயணம். ஷாங்காயில் ரயில் ஏறினால் அரை மணி நேரம். நாற்பத்தொரு வயதில் முதுகுப்பையும் ஆறு பேர் படுக்கிற அறையும் தேவையா என்று கேட்டவர்களுக்கு: ஓட்டலில் தனியாகத் தங்கிப் பாருங்கள், பொழுது சாய்ந்தால் சுவரோடுதான் பேச வேண்டும்.

என் கட்டிலுக்கு மேல் கட்டில் செங்டூக்காரி, வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவள். எதிர்க்கட்டிலில் பாதுவாவிலிருந்து வந்த இத்தாலியப் பெண். கீழே கூடத்தில் வெந்நீர் பிடிக்கப் போனபோது சிக்கியவன் ஹார்பின் தம்பி, கல்லூரி மாணவன். சீன மாணவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி ரயில் ஏறி, கையிலிருக்கும் கொஞ்சக் காசில், ரெண்டு நாளில் எத்தனை இடம் முடியுமோ அத்தனையும் பார்த்துவிட்டு ஓடுவது. அதற்குக் கமாண்டோ சுற்றுலா என்கிற மாதிரி ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். தம்பி அந்த ரகம். ஷூவைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

எங்களைச் சேர்த்தது பாசமெல்லாம் இல்லை, கணக்குதான். பிங்ஜியாங் தெருவில் படகுக்கு ஆள் கணக்குக் கிடையாது, முழுப் படகுக்கும் சேர்த்துத்தான் கூலி. தனியாகப் போனால் பர்ஸ் காலி. "அக்கா, படகுக்கு வர்றீங்களா?" என்று தம்பி கேட்டான். அவன் சொன்னது 'ஜியெ'. மூத்தவளைப் பெயர் சொல்லாமல் அக்கா என்று கூப்பிடுவது அவர்களுக்கும் பழக்கம். எனக்கு அது பெரிய வசதி. அவர்கள் பெயரை நான் சொன்னால் ராகம் தப்பி வேறு ஏதோ ஆகிவிடும். சீனப் பள்ளித் தோழிகளோடு படித்தவள்தான், ஆனாலும் என் மாண்டரின் காப்பிக்கடையைத் தாண்டாது.

படகு மெதுவாகப் போனது. சூசோவின் பழைய நகரத்தில் தெருவும் கால்வாயும் ஒன்றையொட்டி ஒன்று ஓடும். வீட்டு வாசல் தெருவைப் பார்க்கும், கொல்லைப்புறம் தண்ணீரைப் பார்க்கும். 1229இல் ஊர் வரைபடத்தை ஒரு கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், ஆளை விட உயரமான கல். அதில் இருக்கிற இடத்தில்தான் இந்தப் பிங்ஜியாங் தெரு இன்றைக்கும் இருக்கிறது. தெருப் பக்கமாக நடந்தால் வாடகைக்கு எடுத்த பழங்கால உடையில் படம் பிடிக்கும் கூட்டமும் ஐஸ்கிரீம் கடையும்தான். உண்மையைச் சொன்னால் எரிச்சல் வரும். தண்ணீர்ப் பக்கம் வேறு ஊர். படித்துறையில் ஒரு பாட்டி துடைப்பத்துணியை அலசிக்கொண்டிருந்தார். மேலே கொடியில் உள்ளாடைகள். "கிழக்கின் வெனிஸ் என்கிறார்களே" என்று இத்தாலிக்காரியிடம் நைசாகக் கேட்டேன். அவள் கொடியைக் காட்டினாள். வெனிஸின் பழைய நகரத்தில் குடியிருப்பவர்கள் 2022இலேயே ஐம்பதாயிரத்துக்குக் கீழே போய்விட்டார்களாம். "துணி காயப்போட அங்கே ஆளில்லை, இதைப் போய் அதோடு ஒப்பிடாதே" என்றாள். பாதுவாவிலிருந்து வெனிஸ் கூப்பிடு தூரம் என்பதால் அவளுக்கு அந்தக் கோபம் செல்லும்.

செங்டூக்காரியோடு எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு காரணத்தால். சூசோச் சமையலில் எதைத் தொட்டாலும் ஒரு இனிப்பு. அவள் மிளகாய் ஊரில் பிறந்தவள், நானோ ஊறுகாய்ப் பாட்டிலோடு போனவள். நூடுல்ஸை விடியற்காலையிலேயே போய்ச் சாப்பிட வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் பிடிவாதம். நேரமாக ஆக, வேகவைக்கிற தண்ணீர் கஞ்சி மாதிரி கொழகொழத்துவிடும். அது கெடுவதற்குள் முதல் தண்ணீரில் வெந்ததைச் சாப்பிடுவதுதான் ருசி. ஆறரை மணிக்கு, அந்தத் தெளிந்த சாற்றில், நாங்கள் ரெண்டு பேரும் எலுமிச்சை ஊறுகாயைக் கரைத்தோம். கடைக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே!

அருங்காட்சியகத்துக்கு நான் முன்பதிவு செய்யவில்லை. முட்டாள்தனம், அங்கே எல்லாவற்றுக்கும் முன்பதிவு. தம்பி மட்டும் போய்விட்டு வந்து, கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வடிவமைத்த அந்தக் கட்டடத்தைப் பற்றி இருபது நிமிடம் வகுப்பெடுத்தான். நாங்கள் மூவரும் அந்த நேரத்தில், மூன்று பக்கமும் கால்வாய் சூழ்ந்த ஓயுவான் தோட்டத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். எனக்கு நஷ்டமே இல்லை.

மறக்க முடியாதது ராத்திரிதான். ஒரு தேநீர்க் கடையில் பிங்டான் கேட்கப் போனோம். பிபா என்கிற நாலு தந்தி வாத்தியமும் இன்னொரு மூன்று தந்தி வாத்தியமும் மடியில் வைத்துக்கொண்டு, ஆணும் பெண்ணுமாகக் கதையைப் பேசியும் பாடியும் சொல்கிற கலை அது. பகல் முழுக்கக் கடைப் பலகையிலிருந்து மருந்துச் சீட்டு வரை எனக்கு மொழிபெயர்த்துக் களைத்த செங்டூக்காரியிடம், "என்ன சொல்றாங்க?" என்று காதோரம் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள். தம்பியைப் பார்த்தேன், அவனும் முழித்தான். அது சூசோப் பேச்சு, மாண்டரின் தெரிந்தவர்களுக்கும் பிடிபடாது. பக்கத்து மேசைக் கிழவர்கள் சிரிக்கிற இடத்தில் நாங்களும் சிரித்தோம். அன்றைக்குத்தான் நாலு பேரும் ஒரே தட்டில் உட்கார்ந்தோம். திரும்பி நடக்கும்போது, வேலையை ஏன் விட்டாள் என்று செங்டூக்காரி சொன்னாள். கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லவில்லையாம். நானும் ஒன்று சொன்னேன். அக்கா, அது உனக்கும் தெரியாது.

இப்படி ஒரு காரியத்துக்கு மட்டும் சேர்கிற துணைக்குச் சீன இளசுகள் 'தாட்ஸ' என்கிறார்கள். சாப்பிடத் துணை, பரீட்சைக்குப் படிக்கத் துணை, பயணத்துக்குத் துணை. காரியம் முடிந்தால் கும்பிடு, யாருக்கும் வருத்தமில்லை. நம்மிடம் வழித்துணை என்ற அழகான வார்த்தை இருக்கிறது, அதைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டோம். மனுஷர்களுக்கு ரயில் சிநேகம் என்று ஒரு கேலியை மிச்சம் வைத்தோம். கல்யாணத்துக்கு மொய் வைக்காதவர்கள், சாவுக்கு வராதவர்கள் நட்பே இல்லை என்ற கணக்கு நமக்கு. இருபது வருடப் பழக்கம் என்கிற ஒரே காரணத்துக்காக நான் தூக்கிச் சுமக்கும் சிலரை நினைத்தால் அந்தக் கணக்கிலேயே சந்தேகம் வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களும் இதைப் படிப்பார்கள்.

மூன்றாம் நாள் விடிகாலையில் தம்பி போய்விட்டான், யாரையும் எழுப்பவில்லை. வீசாட்டில் எங்கள் நாலு பேர் குழு இன்னும் இருக்கிறது. பதினொரு நாளாகப் பேச்சு மூச்சு இல்லை. கடைசியாக வந்தது அவன் அனுப்பிய மூடுபனிப் படம் ஒன்றுதான்: "ஹுவாங்ஷான் மலை ஏறியாச்சு, முட்டி போச்சு." மூன்று பேரும் கட்டைவிரல் காட்டினோம்.