ஹைஸ்மன் வாங்கினால் சூப்பர் பவுல் கிடைக்காதா?

"அமெரிக்கன் ஃபுட்பாலில், கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய எந்த குவார்ட்டர்பேக்கும் சூப்பர் பவுல் ஜெயித்ததில்லை, அது ஒரு சாபம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. (சூப்பர் பவுல் என்பது அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் இறுதியாட்டம்; குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்.)

ரோஜர் ஸ்டாபக்கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கடற்படை அகாடமியில் படித்தபோது 1963இல் ஹைஸ்மன் வாங்கினார். அப்புறம் கடற்படைப் பணி, வியட்நாம். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்கு ஆட வந்ததே 1969இல், 27 வயதில். அந்த அணிக்கு இரண்டு சூப்பர் பவுல் வென்று கொடுத்தார்.

ஜிம் பிளங்கெட் கதை இன்னும் சுவாரசியம். ஸ்டான்ஃபோர்டில் ஆடி 1970இல் ஹைஸ்மன் பெற்றவர். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1971 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஆனால் பேட்ரியாட்ஸ், அடுத்து ஃபார்ட்டிநைனர்ஸ், இரண்டு அணியிலும் சரிப்பட்டு வரவில்லை. 'ஆள் முடிந்தார்' என்றே பலரும் நினைத்தார்கள். 1980இல் ரெய்டர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டான் பாஸ்டரினிக்குக் கால் முறிய, பெஞ்சிலிருந்த பிளங்கெட் இறங்கினார். 1981 ஜனவரி சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் அணியை 27-10 என்று வீழ்த்தி, ஆட்டநாயகனும் ஆனார். அதில் கென்னி கிங்குக்கு அவர் போட்ட ஒரு பாஸ், 80 கெஜ டச்டவுனாக (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) முடிந்தது! 1984இல் பிளங்கெட்டுக்கு மறுபடியும் சூப்பர் பவுல் வெற்றி. அந்த ஆட்டத்தின் நாயகன் மார்கஸ் ஆலன்; பந்தோடு ஓடும் ஆட்டக்காரரான அவரும் 1981 ஹைஸ்மன்காரர்தான்.

வதந்திக்கு ஒரு காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2003இல் ஹைஸ்மன் வாங்கிய ஜேசன் வைட்டை டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. 2001இல் வாங்கிய எரிக் கிரவுச் என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கல்லூரியில் ஓடியே ஜெயிக்கிற குவார்ட்டர்பேக்குக்குத் தொழில்முறை ஆட்டத்தில் இடம் கிடைப்பது அன்று கஷ்டம். கிரவுச்சை ராம்ஸ் அணி எடுத்ததே பந்து பிடிக்கும் ரிசீவராகத்தான்.