வாயைத் திறக்க விடாமல் என்ன பேச்சுப் பயிற்சி?

என் வகுப்பில் சத்தம் அதிகமாம். மேற்பார்வைக்கு வந்தவர் குறிப்பே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐயா, அது மொழி கற்பவர்களுக்கான பேச்சுப் பயிற்சி வகுப்பு. பேசினால் சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். ஏனென்றால் அங்கே பேசுவது ஆசிரியர் ஒருவர்தான். அதற்குப் பெயர் நல்ல வகுப்பாம்!

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? 45 நிமிட வகுப்பு, 40 மாணவர்கள். ஆசிரியர் வாயே திறக்காவிட்டால்கூட ஆளுக்கு ஒரு நிமிடம், சில விநாடிதான் தேறும். ஆனால் அவர் திறக்காமல் இருப்பாரா? வருகைப் பதிவு, போன வாரப் பாடம், இலக்கண விளக்கம், நடுவில் கொஞ்சம் அறிவுரை. எல்லாம் போக மாணவர்களுக்கு மிஞ்சுவது 10 நிமிடம் என்று வையுங்கள். ஆளுக்கு 15 விநாடி. அதையும் முன்வரிசையில் இருக்கிற நாலு பேர் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இதே 10 நிமிடத்துக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்து விட்டால் ஆளுக்கு 5 நிமிடம் கிடைக்கும். இருபது மடங்கு! ஒரு பைசா செலவில்லை.

உடனே வரும் பதில்: "அவர்களுக்குள் விட்டால் தப்புத் தப்பாகப் பேசுவார்களே." பேசட்டுமே! இப்போது மட்டும் என்ன, சரியாகவா பேசுகிறார்கள்? பேசுவதே இல்லை. பாதி வாக்கியத்தில் குறுக்கே விழுந்து திருத்தினால் அந்த மாணவர் அடுத்த முறை கையே தூக்க மாட்டார். திருத்துகிற விதமாவது உருப்படியா? மொழி கற்பித்தலை ஆராய்ந்த லிஸ்டரும் ராண்டாவும் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து 1997இல் எழுதினார்கள். மாணவர் தப்பாகச் சொன்னதை ஆசிரியரே சரியாகச் சொல்லிவிட்டு நகர்வதுதான் அங்கே அதிகம் நடந்தது. மாணவரைத் திரும்பச் சொல்ல வைப்பதில் மிகக் குறைவாகப் பலித்ததும் அதேதான். ஆசிரியருக்குத் திருத்திய திருப்தி. அவ்வளவுதான்.

எனக்கு இதைவிடப் பெரிய எரிச்சல், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரியாதது. அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களிலேயே சொல்லிவிட்டார்: ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, அதுவரை பேசாதவர்களும் பேசுகிறார்கள். புது மொழியில் பேசுபவர் பாடு இன்னும் கஷ்டம். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், சொல்லைத் தேட வேண்டும், வாக்கியமாகக் கோர்க்க வேண்டும், அப்புறம் நாக்கும் ஒத்துழைக்க வேண்டும். அதற்குள் "அடுத்தவர் சொல்லுங்க!" அட, மூச்சாவது விட விடுங்கள்.

வழி தெரியாமலா இப்படி? 4/3/2 என்று ஒரு எளிய பயிற்சி உண்டு. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், இன்னொருவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் மாறுவதால் அலுப்புத் தட்டாது, நேரம் குறைவதால் தடுமாற்றம் குறையும். மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் 1989இலேயே இதைப் பற்றி ஆராய்ந்து எழுதிவிட்டார். கருவி வேண்டாம், கணினி வேண்டாம். ஆனால் சத்தம் வருமே, அதுதானே உங்கள் பிரச்சினை!

இதற்கெல்லாம் மேலே தேர்வு. பேச்சுத் திறனுக்குத் தாளில் எழுத்துத் தேர்வு! "கீழ்க்காணும் உரையாடலை நிரப்புக." ஐந்து கோடிட்ட இடம், ஐந்து மதிப்பெண். மனப்பாடம் செய்தவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார், நாக்கு அசையவே வேண்டாம். அப்படி வாங்கி வெளியே வருகிறவரைப் பிடித்து, "இத்தனை வருஷம் படித்தாயே, நாலு வாக்கியம் பேசத் தெரியவில்லையா?" என்று கேட்கிறார்களே, அதை ஏன் அந்தப் பிள்ளையிடம் கேட்கிறீர்கள்? கேள்வித்தாள் தயாரித்தவரிடம் போய்க் கேளுங்கள்.