ஆறடி மரத்தில் கிளை எங்கே?

பெட்டிப் படத்தில் காடு மாதிரி பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம். பிரித்தால் குடைக்கம்பி! 6 அடி என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், கிளை நுனி எத்தனை என்பதை மட்டும் ஏன் எறும்பு எழுத்தில் ஒளிக்கிறார்கள்? அந்த உயரத்துக்கு 300 நுனி வைத்தால் நடுக்கம்பி பல்லிளிக்காதா? 800 ஆவது வேண்டாமா? அந்த ஆறடியிலும் உச்சிக் குருத்து ஒன்றே அரையடியைத் தின்றுவிடுகிறது. அதில் ஸ்டாரைச் சொருகினால் குருத்து வளைந்து, ஸ்டார் தரையைப் பார்க்கிறது.

விரிப்பது தனி வேதனை. கீழடுக்கில் தொடங்கி, தண்டை ஒட்டிய நுனியிலிருந்து வெளியே வர வேண்டும். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே, ஒன்றைப் பக்கவாட்டில் முறுக்க வேண்டும். ஒரு மணி நேரம் காலி. விரலெல்லாம் கீறல், தரையெல்லாம் பச்சைத் தூள். அப்படியும் ஓட்டை ஓட்டைதான். பச்சை ஜிகினாச் சரத்தைத் தண்டில் சுற்றி, சீரியல் லைட்டைத் தண்டுவரை உள்ளே விட்டு வெளியே இழுத்தால்தான் கொஞ்சமாவது மரமாகத் தெரியும்.

எல்லா அலங்கார உருண்டைகளையும் தொங்கவிட்டு முடித்த பிறகுதான் லைட்டில் பாதி அணையும். தொடர் இணைப்பு, ஒரு பல்பு போனால் அந்த வரிசையே இருட்டு. மாட்டுவதற்கு முன் பிளக்கில் சொருகியபோது மட்டும் எப்படி எரிந்தது?

ஸ்டாண்டோ மூன்று பிளாஸ்டிக் கால். ஃபேன் போட்டாலே மரம் ஆடுகிறது. சாய்ந்தால் நேரே கீழே பொம்மை அடுக்கிய இயேசு பிறப்புக் குடில் மேல்தான். சூசையப்பருக்குக் கை போகும், ஒட்டகத்துக்குக் கால் போகும்.