தாரா, சிமென்ட்டா?

எங்கள் தெருவுக்கு ரோடு போடப்போகிறார்கள் என்றதும் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர், "தார் வேண்டாம், சிமென்ட் ரோடு கேளுங்க, முப்பது வருஷம் நிற்கும்" என்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்கும் உண்டு. போன தடவை போட்ட தார் இரண்டே மழையில் ஜல்லி ஜல்லியாகப் பெயர்ந்துவிட்டது. இருந்தாலும் நான் தார் ரோடுதான் கேட்பேன்.

முப்பது வருஷம் பொய்யில்லை. கான்கிரீட் சாலைக்கு 30 வருஷம் என்றும், தார் சாலைக்கு 15, 20 வருஷம் என்றும் ஆயுள் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். ஆனால் நம் தெருவுக்கு அடியில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, கரண்ட் கேபிள் எல்லாம் ஓடுகின்றன. தோண்டாத வருஷம் உண்டா? கான்கிரீட்டை உடைத்து மூடினால் பழையதோடு சேராது, கெட்டிப்படப் பல நாள் தண்ணீர் விடவேண்டும். தாரில் ஒட்டுப் போட்டால் சூடு ஆறியதும் வண்டி விடலாம். பஸ் நின்று நின்று கிளம்பும் நிறுத்தத்துக்குச் சிமென்ட் போடட்டும், அங்கே தார் வெயிலில் இளகி அலை அலையாக மடிந்துவிடுகிறது.

அப்படியானால் நம் ரோடு ஏன் பெயர்ந்தது? தண்ணீர். ஜல்லியைப் பிடித்துவைத்திருக்கும் பசைதான் தார். தேங்கிய தண்ணீர்மேல் சக்கரம் ஏறும்போது அந்த அழுத்தத்தில் தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரிக்கிறது. ஜல்லியும் தாரும் சேர்ந்த கலவை, அதைத் தயாரிக்கும் பிளான்ட்டிலிருந்து கிட்டத்தட்ட 150 டிகிரி சூட்டில் வருகிறது. அது ஆறுவதற்குள் ரோலர் ஓடி முடித்தாக வேண்டும். ஆறிய கலவை இறுகாது, உள்ளே இடைவெளி விட்டுப்போகும், தண்ணீருக்கு அதுதான் வழி. போன தடவை ரோடு போட்ட ராத்திரி வாசலில் நின்று பார்த்தேன். கலவையைக் கொட்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரோலர் வந்தது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் ரோட்டுக்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவினால் உருகிக் கல்மேல் படலமாகப் படியும், கல் தண்ணீர் உறிஞ்சுவது குறையும். குப்பையில் போகிற பையை வைத்து, தண்ணீர் புகும் இடத்தையே அடைத்திருக்கிறார். நம் ஊர் கண்டுபிடிப்பு நம் தெருவுக்கு வரவில்லையே என்பது என் ஆதங்கம்.

செலவுக்கு வருகிறேன். பேச்சுக்கு, ஒரு தெருவுக்கு 10 லட்சம் என்று வையுங்கள். இரண்டு வருஷத்தில் போனால் வருஷத்துக்கு 5 லட்சம். கூட 4 லட்சம் போட்டு வடிகாலும் அடித்தளமும் சரிசெய்து ஏழு வருஷம் நின்றால் வருஷத்துக்கு 2 லட்சம்தான். டெண்டரில் முதல் நாள் தொகையை மட்டும் பார்ப்பதால் இந்தக் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை.

இன்னொன்று. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இன்று என் வீட்டு வாசல் ரோட்டுக்கு ஒரு அடி கீழே. மழை வந்தால் அம்மாவின் அறைக்குள் தண்ணீர். சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021இலேயே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டிருக்கிறார்.

மனுவில் மூன்று கேட்டிருக்கிறேன்: முதலில் வடிகால், பிறகு பழைய தாரைச் சுரண்டி எடுப்பது, கலவை வரும்போதே ரோலர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் இருப்பேன், கையெழுத்துப் போட வாங்க.